வல்லியின் இடது கால்

மே 13, வியாழன்

வல்லிக்குக் கட்டில் கிடைத்துவிட்டது. விடியற்காலையில் கோவில்பட்டியில் ஆம்புலன்ஸ் ஏறினோம். திருநெல்வேலி பெரியாஸ்பத்திரி வாசலில் வண்டிகள் வரிசையாக நின்றன. சாயங்காலம்தான் உள்ளே விட்டார்கள். அதுவரை அவள் வண்டிக்குள் ஆக்சிஜனோடு படுத்திருந்தாள். நான் வேப்பமரத்தடியில் நின்று அடிக்கொருதரம் எட்டிப் பார்த்தேன். கண் மூடியிருந்தால் பயமாக இருந்தது. திறந்திருந்தால் என்ன பேசுவதென்று தெரியவில்லை.

நோயாளியோடு ஒருவர் இருக்கலாமாம். என்னைவிட்டால் யார்? அவளுடைய அண்ணன், அதாவது என் வீட்டுக்காரர், இதே காய்ச்சலில் வீட்டு மாடியில் தனியாகக் கிடக்கிறார். எங்கள் மகள் பெங்களூரில் விடுதியைவிட்டு வர முடியாமல் மாட்டிக்கொண்டாள். வல்லிக்குக் கல்யாணம் ஆகவில்லை. மாமனாரும் மாமியாரும் போய்ச் சேர்ந்து பல வருடமாகிறது. எனக்குப் போன வருடமே கொரோனா வந்துபோய்விட்டதால், "நீ போனா ஒண்ணும் செய்யாது பகவதி" என்றார் இவர். செய்யாது என்று அது எழுதியா கொடுத்திருக்கிறது?

இதில் ஒரு சங்கடம். நானும் வல்லியும் பேசி ஒன்றரை வருடம் இருக்கும். ராஜபாளையத்திலிருந்து பெண் பார்க்க வந்தவர்களிடம், "எனக்கு இஷ்டமில்ல, நீங்க காப்பி சாப்ட்டுட்டுப் போங்க" என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டாள். அன்றைக்கு இரண்டு பேரும் பேசக் கூடாததையெல்லாம் பேசினோம். அதோடு சரி. ஒரே வீடு, ஒரே அடுப்பு. ஏதாவது வேண்டுமானால் அண்ணனிடம் சொல்வாள், அவர் என்னிடம் சொல்வார். இங்கே அண்ணன் இல்லை. எப்படிக் கேட்கிறாள் என்று பார்ப்போம்.

மே 14, வெள்ளி

கேட்டுவிட்டாள். முகமூடியைத் தூக்கி, "தண்ணி" என்றாள். மதினி என்று சொல்லவில்லை. கொடுத்தேன்.

எஸ்தர் சிஸ்டர் வந்து வயிற்றுச் சதையைப் பிடித்து ஒரு ஊசி போட்டார். எதற்கு என்று கேட்டேன். "ரத்தம் உறையாம இருக்கதுக்கும்மா. இந்த நோயில நுரையீரல் மட்டுமில்ல, ரத்தமும் கெட்டுப்போவுது. குழாய்க்குள்ளயே கட்டி கட்டியா உறைஞ்சிரும்" என்றார். "ஊசி போட்டாலும் சிலருக்கு வந்துருது. பாதத்த மேலயும் கீழயும் ஆட்டிக்கிட்டே இருக்கச் சொல்லுங்க. எங்க வலிச்சாலும் எங்ககிட்ட சொல்லணும், என்ன?" சொல்லிக்கொண்டே அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

சளிக்காய்ச்சலில் வந்தவளுக்கு ரத்தம் ஏன் உறையப் போகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

என் முகத்தில் இரண்டு கவசம், அதன்மேல் பிளாஸ்டிக் தகடு. வேர்வை வழிந்து கண்ணுக்குள் போகிறது. துடைக்கவும் பயம்.

மே 15, சனி

குப்புறப் படுக்கச் சொன்னால் மாட்டேன் என்கிறாள். டாக்டர் ஹாஜிரா வந்து அதட்டிய பிறகு படுத்தாள். சின்ன வயது டாக்டர், என் மகளைவிட ஆறேழு வயதுதான் கூட இருக்கும். தலைமுதல் கால்வரை மூடிய அந்தப் பாதுகாப்பு உடைக்குள் கண் மட்டும்தான் தெரிகிறது. அந்தக் கண் தூங்கிப் பல நாள் ஆனது மாதிரி இருக்கிறது.

மே 16, ஞாயிறு

இட்லி ஒன்றரை. ஆக்சிஜன் அளவு கொஞ்சம் ஏறியிருக்கிறது.

மே 17, திங்கள்

"மதினி" என்று கூப்பிட்டாள்.

தலை சிக்கு விழுந்து கிடந்தது. அதைத்தான் காட்டினாள். உட்காரவைத்துச் சிக்கெடுத்து இரண்டு சடை போட்டேன். இழுத்துப் பின்னுகிறேன் என்று ஒரு குறை. காற்றாடி சத்தம் போடுகிறது என்று ஒன்று. இட்லி செங்கல், சாம்பார் வெந்நீர், எதிர்க்கட்டில் அம்மா முனகுகிறாள், இடது கால் வலிக்கிறது, தலையணை நாற்றம். தபால் ஆபீஸ் கவுண்டரில் உட்கார்ந்து ஊரையே அதட்டிப் பழகியவள். நோயில் கிடந்தாலும் நொட்டை சொல்வது குறையவில்லை. வீட்டில் அண்ணன் வழியாக எனக்கு வந்துகொண்டிருந்ததெல்லாம் இப்போது நேரடியாக வருகிறது.

இவரிடம் போனில் சொன்னேன். "திட்டுதான்னா தேறிட்டா" என்று சிரித்தார். சிரித்ததில் இருமல் வந்து போனை வைத்துவிட்டார்.

மே 18, செவ்வாய்

எதிர்க்கட்டில் அம்மா மதியம் இறந்துபோனாள். கழுகுமலைப் பக்கம். மகன் வெளியே நின்றுகொண்டிருந்தான்.

அந்த நேரம் பார்த்து வல்லி, "கெண்டைக்கால் ரொம்ப வலிக்கு மதினி, சிஸ்டர்ட்ட சொல்லுங்க" என்றாள். எஸ்தர் சிஸ்டர் அங்கே அந்த அம்மாவின் நெஞ்சை அமுக்கிக்கொண்டிருக்கிறார். இன்னொரு சிஸ்டர் எதையோ எடுக்க ஓடுகிறார். அவர்களிடம் போய் எங்க நாத்தனாருக்குக் கால் வலி என்று எப்படிச் சொல்வது? "படுத்தே கிடக்கேல்லா, அதான் பிடிச்சிருக்கும். பிறவு சொல்லுதேன்" என்றேன்.

ஆவி பிடிக்கக் கொண்டுவந்த நீலகிரித் தைலம் பையில் இருந்தது. புது பாட்டில், மூடிகூடத் திறக்கவில்லை. அதை உள்ளங்கையில் ஊற்றித் தேய்த்து, அவள் காலை என் மடியில் வைத்துப் பிடித்துவிட்டேன். கெண்டைச் சதை கல் மாதிரி இறுகி, தொட்டால் சூடாக இருந்தது. குதிகாலிலிருந்து முழங்கால் வரை நன்றாக உருவி உருவி விட்டேன். முதலில் பல்லைக் கடித்தாள். பிறகு, "அப்படித்தான் மதினி, இன்னுங்கொஞ்சம் மேல" என்றாள். கொஞ்ச நேரத்தில் தூங்கிவிட்டாள். ஆஸ்பத்திரிக்கு வந்த பிறகு அவள் இப்படித் தூங்கி நான் பார்க்கவில்லை.

அவள் காலைத் தொட்டது இதுதான் முதல்தடவை என்று நினைக்கிறேன். நான் கல்யாணமாகி வந்தபோது பாவாடை தாவணியில் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாள். கை வலித்தாலும் மனதுக்கு நிறைவாக இருந்தது.

சிஸ்டரிடம் சொல்லவில்லை. வலிதான் விட்டுப்போய்விட்டதே.

மே 19, புதன்

எழுதிவிட வேண்டும். இல்லையென்றால் இந்த வராண்டாவில் உட்கார்ந்து நான் என்ன செய்வது?

காலையில் நன்றாகத்தான் இருந்தாள். ஆக்சிஜனைக் குறைத்துப் பார்க்கலாம் என்று டாக்டர் ஹாஜிரா சொல்லியிருந்தார். கழிவறைக்குப் போக வேண்டும் என்றாள். என் தோளைப் பிடித்துக்கொண்டு மெதுவாகப் போய்த் திரும்பினோம். கட்டிலில் உட்கார்ந்தாள். "மதினி, நெஞ்சு..." என்றாள். அவ்வளவுதான். முகம் சாம்பல் பூத்துவிட்டது. வாயைத் திறந்து திறந்து மூடுகிறாள், மூச்சு இல்லை. விரலில் மாட்டியிருந்த கருவியில் எண் இறங்கிக்கொண்டே போனது. நான் கத்தினேன். என்ன கத்தினேன் என்று ஞாபகம் இல்லை.

டாக்டர் ஹாஜிரா ஓடிவந்தார். நெஞ்சில் குழலை வைத்துப் பார்த்தவர், சட்டென்று வல்லியின் நைட்டியை முழங்காலுக்கு மேலே தூக்கி இரண்டு கால்களையும் பார்த்தார். நானும் அப்போதுதான் பார்த்தேன். இடது கால் வலது காலைவிடப் பெரிதாக இருந்தது.

"கால் வலின்னு சொன்னாங்களா?"

"சொன்னா மேடம்."

"எப்ப?"

"நேத்து."

"யாராவது அமுக்கி விட்டீங்களா?"

இல்லை என்றேன்.

எதற்கு அப்படிச் சொன்னேன்? அந்த அவசரத்தில் வாயில் வந்துவிட்டது.

தீவிர சிகிச்சைப் பிரிவுக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். ஸ்கேன் எடுத்தார்கள். காலில் உறைந்த ரத்தக்கட்டி ஒன்று அங்கிருந்து கிளம்பி, இதயம் வழியாகப் போய், நுரையீரல் ரத்தக்குழாயை அடைத்துக்கொண்டிருக்கிறதாம். ரத்த அழுத்தம் விழுந்துகொண்டே போகிறது என்றார் டாக்டர் ஹாஜிரா. "கட்டியக் கரைக்க மருந்து போடணும்கா. போட்டா எங்கேயாவது ரத்தம் கசியலாம். மூளையிலகூட கசியலாம். நூறு பேருக்குப் போட்டா ஒண்ணு ரெண்டு பேருக்கு அப்படி ஆகும். போடாம விட்டா இன்னைக்கே..." மீதியைச் சொல்லவில்லை. "நீங்க அவங்களுக்கு என்ன வேணும்?"

"அண்ணன் பெண்டாட்டி."

"ரத்த சொந்தம் யாராவது?"

இவருக்குப் போன் போட்டு டாக்டரிடம் கொடுத்தேன். டாக்டர் எல்லாம் சொல்லிவிட்டு என்னிடம் திருப்பிக் கொடுத்தார். அந்தப் பக்கம் இருமலும் அழுகையுமாக, "எனக்கு ஒண்ணும் ஓடல. நீ பக்கத்துல இருக்க, நீயே பாத்துச் செய்யி பகவதி. உன்னயத்தான் நம்பியிருக்கேன்" என்றார்.

என்னைத்தான் நம்பியிருக்கிறாராம்.

போடுங்க என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

மே 20, வியாழன்

உயிரோடு இருக்கிறாள்.

மே 21, வெள்ளி

மூக்கிலும் ஈறிலும் ரத்தம் கசிந்ததாம். மூளையில் இல்லை. ரத்த அழுத்தம் நிற்கிறதாம். கண்ணாடி வழியாக ஒரு நிமிடம் காட்டினார்கள். என்னைப் பார்த்தாளா என்று தெரியவில்லை.

வராண்டாவில் உட்கார்ந்திருந்தால் பைத்தியம் பிடித்துவிடும் போலிருந்தது. அவள் துணியெல்லாம் துவைத்தேன். அந்த நைட்டியை மட்டும் இரண்டாம் தரமும் துவைத்தேன், தைல வாடை போகவில்லை. பையைக் குடைந்து ஒழுங்குபடுத்தினேன். சீப்பு, சோப்பு, அவள் கண்ணாடி, மாற்றுத் துணி. தைல பாட்டில் தீர்ந்துவிட்டது. குப்பையில் போட்டுவிட்டேன்.

மே 22, சனி

இன்றும் வாய் முழுக்க ரத்தம் என்றார் எஸ்தர் சிஸ்டர். ரத்தம் உறைந்தாலும் ஆபத்து, உறையாவிட்டாலும் ஆபத்து. இரண்டுக்கும் நடுவில் ஒரு நூல் இழையில் அவளை நிறுத்தி வைத்திருக்கிறார்கள்.

இவர் கேட்டார்: "நல்லாத்தான இருந்தா. திடீர்னு எப்படி காலுலேர்ந்து கிளம்பிச்சு?"

"எனக்கென்ன தெரியும்? நான் என்ன டாக்டரா?" என்று சள்ளென்று விழுந்தேன். பாவம், அவர் போனை வைத்துவிட்டார்.

மே 23, ஞாயிறு

சாப்பாடு இறங்கவில்லை. பக்கத்தில் காத்திருக்கும் ஒருவர், அவர் மனைவியும் உள்ளே இருக்கிறாள், போனில் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார்: "கால் வலின்னா நீவி கீவி விட்றாதீங்க, கட்டி நகந்துருமாம்." எழுந்து படிக்கட்டுப் பக்கம் போய் உட்கார்ந்துகொண்டேன்.

அது எல்லாருக்கும் தெரிந்த விஷயம் போலிருக்கிறது.

மே 24, திங்கள்

தெரியும்தான் இத்தனை நாளாக. டாக்டர் ஹாஜிரா அமுக்கினீங்களா என்று கேட்டபோதே தெரிந்துவிட்டது. அதனால்தான் இல்லை என்றேன். எழுதாமல் இருந்தால் இல்லையென்று ஆகிவிடுமா?

இன்று மதியம் கட்டடத்துக்குப் பின்னால் அவர் அந்த உடையைக் கழற்றிவிட்டுத் தனியாக நின்று பிஸ்கட் தின்றுகொண்டிருந்தார். விரல் நுனியெல்லாம் வெந்து சுருங்கியிருந்தது. போய் நின்றேன்.

"மேடம், அன்னைக்கு அமுக்கினீங்களான்னு கேட்டீங்கல்லா. அமுக்கினேன். தைலம் போட்டு நல்லா உருவி விட்டேன். அவளுக்கு முந்தின நாளே வலி. சிஸ்டர்ட்ட சொல்லுன்னு சொன்னா. நான் சொல்லல."

வாயில் இருந்ததை மென்று முழுங்கிவிட்டுப் பேசினார். "அமுக்கினதால போச்சா, பாத்ரூம் வரைக்கும் நடந்ததால போச்சா, சும்மா படுத்திருந்தாலும் போயிருக்குமா... யாராலயும் சொல்ல முடியாதுக்கா. அமுக்கக் கூடாதுதான். ஆனா எத்தனையோ பேருக்கு யாரும் தொடாமலே கிளம்பிப் போயிருக்கு."

எனக்கு மூச்சு வந்தது. அதற்குள் அவர் தொடர்ந்தார்: "ஆனா வலின்னு அன்னைக்கே சொல்லியிருந்தீங்கன்னா, அன்னைக்கே ஸ்கேன் பாத்திருப்போம். மருந்தக் கூட்டியிருப்போம்."

"அவகிட்ட சொல்லணுமா மேடம்?"

"அது உங்க வீட்டு விஷயம்கா. எனக்கு இன்னும் பதினாறு பேரு இருக்காங்க." பிஸ்கட் பொட்டலத்தை என் கையில் கொடுத்துவிட்டுப் போனார். இரண்டு மிச்சம் இருந்தது. தின்றேன்.

மே 28, வெள்ளி

வார்டுக்குத் திரும்பிவிட்டாள். தோளெலும்பு துருத்திக்கொண்டு இருக்கிறது. வயிறு முழுக்க ஊசி போட்ட இடங்கள் நீலநீலமாக. "எனக்கு என்ன ஆச்சு மதினி?" என்றாள். கட்டி, நுரையீரல், கரைக்கும் மருந்து எல்லாம் சொன்னேன். தெரிந்ததில் பாதியைச் சொன்னேன்.

ஜூன் 5, சனி

வீட்டுக்கு வந்தாயிற்று. இவர் மாடியிலிருந்து இறங்கிவந்து, தங்கச்சியைப் பார்த்து வாசலிலேயே குழந்தை மாதிரி அழுதார். "அழுதது போதும், கதவ விடு, நான் உள்ள போணும்" என்றாள் அவள்.

ரத்தம் நீர்க்கும் மாத்திரை தினமும், குறைந்தது ஆறு மாதம். வாரம் ஒருமுறை ரத்தம் பரிசோதித்து அளவு சொல்ல வேண்டும். இடது காலில் இறுக்கமான நீளக் காலுறை. காலை எப்போதும் கொஞ்சம் உயரத்தில் வைத்திருக்க வேண்டும். பல் தேய்க்க மெல்லிய பிரஷ். அரிவாள்மனைப் பக்கம் போகக் கூடாது. வலி மாத்திரை எதுவும் கடையில் வாங்கித் தின்னக் கூடாது. கீரை ரத்தத்தை உறைய வைக்குமாம், அதனால் அளவாகச் சாப்பிட வேண்டும் என்றார்கள்.

இன்றோடு வீட்டில் கீரை கிடையாது. முருங்கைக்கீரை, அகத்தி, தண்டங்கீரை, ஒன்றும் வேண்டாம். கொத்தமல்லித் தழைகூட வாங்கவில்லை.

ஜூன் 9, புதன்

அவள் மூச்சுவிடுகிறாளா என்று எழுந்து எழுந்து போய்ப் பார்க்கிறேன். "என்ன மதினி, களவாணி மாதிரி நிக்கீங்க?" என்று இன்று கேட்டேவிட்டாள்.

ஜூன் 12, சனி

பக்கத்து வீட்டு மேரி டீச்சர் சுற்றுச்சுவருக்கு அந்தப் பக்கம் நின்று நலம் விசாரித்தார். வல்லி நாற்காலியில் உட்கார்ந்து, காலை ஸ்டூலில் நீட்டிக்கொண்டு, ஊருக்கே கேட்கிற மாதிரிச் சொல்கிறாள்:

"எங்க மதினி இல்லன்னா நான் இல்ல டீச்சர். வலி பொறுக்க முடியல, அந்தக் கொரோனா வார்டுல, என் கால மடியில வச்சு அமுக்கி அமுக்கி விட்டாங்க. யாரு செய்வா? பெத்த தாய்கூட எட்டித்தான் நிப்பா."

மேரி டீச்சர் என்னைப் பார்த்துக் கும்பிட்டார். உலை கொதிக்கிறது என்று உள்ளே வந்துவிட்டேன். அடுப்பில் ஒன்றும் இல்லை.

ஜூன் 15, செவ்வாய்

இதே கதையை அவள் ஆபீஸ்காரர்களிடம் போனில் சொல்கிறாள். சித்தி மகளிடம் சொல்கிறாள். ஒவ்வொரு தரமும் நான் அமுக்கிய நேரம் நீண்டுகொண்டே போகிறது.

ஜூன் 19, சனி

காலையில் குளியலறை வாளியில் துணி ஊறிக்கொண்டிருந்தது. தண்ணீர் அவ்வளவு சிவப்பாக நான் பார்த்ததில்லை. கதவைத் தட்டி அவள் அறைக்குள் போனேன். முகம் வெளுத்துப்போய்ச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள்.

"எப்பருந்து?"

"தூரமாயி நாலு நாளாச்சு. நிக்கவே மாட்டக்கு. தலை சுத்துது."

"என்னட்ட சொன்னா என்ன?"

"இதயெல்லாம் போயி..."

மேற்கொண்டு கேட்கவில்லை. அந்த நிமிடமே டாக்டர் ஹாஜிராவுக்குப் போன் செய்தேன். எடுக்கவில்லை. மறுபடி செய்தேன், மறுபடி செய்தேன். கடைசியில் எடுத்தார். "இன்னைக்கு மாத்திரை போடவேண்டாம். உடனே கூட்டிட்டு வாங்க" என்றார். இவர் காரை எடுத்தார். வழியில் போலீஸ் நிறுத்தினார்கள். ஆஸ்பத்திரிச் சீட்டைக் காட்டியதும் விட்டுவிட்டார்கள்.

ரத்தம் அளவுக்கு மேலே நீர்த்துவிட்டதாம். என்ன சாப்பாடு என்று கேட்டார் டாக்டர். பெருமையாகச் சொன்னேன், ஒரு இலைகூட வீட்டுக்குள் விடுவதில்லை என்று. "ஐயோ அக்கா! நிறுத்தச் சொல்லலையே. எப்பவும் சாப்பிடற அளவுல மாத்தாமச் சாப்பிடணும்னுதான சொன்னோம். சுத்தமா நிறுத்துனா மாத்திரை ஓவரா வேலை செய்யும்." தலையில் அடித்துக்கொள்ளாத குறை. நல்லவேளை, சீக்கிரம் வந்தோம். ஊசி போட்டு, மாத்திரை அளவைக் குறைத்து, மறுபடி ரத்தம் எடுத்திருக்கிறார்கள்.

முடிவு வரும்வரை பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். இவர் காப்பி வாங்கப் போயிருந்தார். எஸ்தர் சிஸ்டர் அந்த வழியாகப் போனார். வல்லி அவரைக் கூப்பிட்டு, "சிஸ்டர், எங்க மதினிய ஞாபகம் இருக்கா? என் கால..." என்று ஆரம்பித்தாள்.

சிஸ்டர் போனதும் சொல்லிவிட்டேன். எப்படி வாய் வந்தது என்று தெரியவில்லை.

"வல்லி, அத இனிம யார்ட்டயும் சொல்லாத. நான் அமுக்கினதுலதான் கட்டி கிளம்பிப் போயிருக்கலாம். அமுக்கினீங்களான்னு அன்னைக்கே டாக்டர் கேட்டாங்க. நான் இல்லன்னு பொய் சொன்னேன். பிறவு போயி உண்மையச் சொல்லிட்டேன். எதனாலன்னு உறுதியாச் சொல்ல முடியாதுன்னாங்க. ஆனா எனக்கு..."

அவள் என் முகத்தையே பார்த்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன். மெதுவாகத்தான் கேட்டாள்.

"சிஸ்டர்ட்ட சொல்லுங்கன்னு நான் சொன்னேம்லா?"

"சொன்ன."

"நீங்க சொல்லலியா?"

"சொல்லல."

"அமுக்கினது கெடக்கட்டும் மதினி. நல்லதுன்னுதான அமுக்குனீங்க. சொல்லுங்கன்னு சொன்னத ஏன் சொல்லல? நான் சொன்னா அது சும்மாத்தான் இருக்கும்னு நினைச்சிட்டீங்க, அப்படித்தான?"

அவள் மறுபக்கம் திரும்பிக்கொண்டாள். இவர் மூன்று காப்பியோடு வந்து, யாருக்குக் கொடுப்பது என்று தெரியாமல் நின்றார்.

ஜூன் 21, திங்கள்

"அண்ணே, காப்பிக்குச் சீனி போதும்னு சொல்லு."

இவர் என்னைப் பார்த்தார். "என்ன, பழையபடியா?" என்றார்.

ஜூன் 24, வியாழன்

ரத்தம் நின்றுவிட்டது. பரிசோதனையில் அளவு சரியாக வந்திருக்கிறது. அதையும் இவர் வழியாகத்தான் தெரிந்துகொண்டேன். முருங்கைக்கீரை ஆய்ந்து, முன்பெல்லாம் வைப்பது போல அதே அளவு பொரியல் வைத்தேன். சாப்பிட்டாள்.

ஜூன் 30, புதன்

காலுறையைத் தானே மாட்டிக்கொள்கிறாள். குனிய முடியாமல் கட்டிலில் புரண்டு, மூச்சுவாங்கி, எப்படியோ மாட்டிவிடுகிறாள். நான் கதவருகே நிற்பது தெரிந்தும் கூப்பிடவில்லை. கோபப்படட்டும். உயிரோடு இருந்துதானே கோபப்படுகிறாள். இப்படி எழுதிவிட்டேனே தவிர, மனது கிடந்து அடித்துக்கொள்கிறது. கால் வலித்தால் இனி யாரிடம் சொல்வாள்? அண்ணனிடம் பெண்பிள்ளை சமாசாரம் எதுவும் சொல்ல மாட்டாள். சொல்லாமலே வைத்துக்கொண்டு கிடந்தால்?

ஜூலை 5, திங்கள்

வேலைக்குப் போய்விட்டாள். உட்கார்ந்தே இருக்கக் கூடாது, எழுந்து நடக்க வேண்டும் என்று அவள் காதில் விழும்படி சுவரைப் பார்த்துச் சொன்னேன். சுவர் கேட்டுக்கொண்டது.

ஜூலை 9, வெள்ளி

மழை வரும்போல் இருந்து வரவில்லை. மிளகாய் வற்றல் காயப்போட்டேன். நாள் முழுக்கப் போனைக் கையிலேயே வைத்திருந்தேன்.

ஜூலை 14, புதன்

மதியம் போன் அடித்தது. வல்லி. இந்த வீட்டுக்கு வாழ வந்த இத்தனை வருடத்தில் அவள் எனக்குப் போன் செய்ததே இல்லை.

"மதினி, கால் வலிக்கு."

"எங்க?"

"அதே எடத்துல. காலைலேருந்து. கொஞ்சம்தான். சொல்லணும்லா, அதான் சொல்லுதேன்."

"நடக்காத. எந்திரிக்காத. தொடாத. கால நீட்டி வச்சுக்கிட்டு அப்படியே இரு, வாரேன்."

அடுப்பை அணைத்தேனா இல்லையா என்று வழியில்தான் சந்தேகம் வந்தது. அணைத்திருந்தேன் போல, வீடு இருக்கிறது. இவர் காரை எடுத்து வருவதற்குள் நான் தெருமுனைவரை ஓடிவிட்டேன். தபால் ஆபீஸில் இரண்டு நாற்காலியைச் சேர்த்துப்போட்டுக் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். மூச்சு வாங்குகிறதா என்று பார்த்தேன். இல்லை. உதடு நீலமாக இருக்கிறதா என்று பார்த்தேன். இல்லை. இரண்டு காலையும் சேர்த்து வைத்துப் பார்த்தேன். எனக்கு இடது கால் பெரிதாகத் தெரிந்தது. அவளுக்கு அப்படித் தெரியவில்லையாம்.

திருநெல்வேலி போய்ச் சேரும்வரை அவள் மூச்சை எண்ணிக்கொண்டே வந்தேன்.

ஸ்கேன் அறைக்குள் என்னையும் விட்டார்கள். அந்தக் கருவியைத் தொடையிலிருந்து கணுக்கால்வரை நகர்த்தி நகர்த்திப் பார்த்தார் டாக்டர் ஹாஜிரா. இப்போது அந்த உடை இல்லை, முகக்கவசம் மட்டும். நான் திரையைப் பார்க்காமல் அவர் நெற்றியையே பார்த்துக்கொண்டிருந்தேன். நெற்றி சுருங்குகிறதா என்று.

"புதுசா ஒண்ணும் இல்ல. பழைய கட்டியும் நல்லாவே கரைஞ்சிட்டு வருது. ரொம்ப நேரம் கால தொங்கப்போட்டு உக்காந்திருக்கீங்க, அதான்" என்றார். "ஆனா வந்தது நல்லது. வலின்னா இப்படித்தான் வரணும். யாரு கூட்டிட்டு வந்தது?"

"எங்க மதினி" என்றாள் வல்லி. "என் கால பத்தி அவங்களுக்குத் தெரியாதது ஒண்ணும் கெடையாது."

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். அது குத்தலா இல்லையா என்று இன்னும் எனக்குத் தெரியவில்லை.

திரும்பும்போது கயத்தாற்றில் டீ குடித்தோம். இவர் முன்னால் வண்டி ஓட்ட, நாங்கள் இரண்டு பேரும் பின்சீட்டில். காலை உயரத்தில் வைக்க வேண்டுமே என்று சுற்றிலும் பார்த்தாள். வேறு இடமில்லை. கதவில் சாய்ந்துகொண்டு, இடது காலைத் தூக்கி என் மடியில் வைத்தாள். கண்ணை மூடிக்கொண்டாள்.

காலுறைக்கு மேலேகூடத் தொடப் பயமாக இருந்தது. கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் முன்சீட்டின் முதுகைப் பிடித்துக்கொண்டேன். கொஞ்ச தூரம் போனதும் வண்டி ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது. கால் சரியப் பார்த்தது. சட்டென்று இரண்டு கையாலும் பிடித்தேன், உடனே விட்டுவிட்டேன்.

"அமுக்கத்தான் கூடாது மதினி" என்றாள் கண்ணைத் திறக்காமல். "பிடிச்சுக்கிடலாம்."